தொழில்நுட்ப எழுத்தாளர் பணி: முதல் வேலையின் கதவைத் திறப்பது எப்படி?

(ஜமாஅத் கல்விக் குழு நடத்திய வேலைவாய்ப்பு வழிகாட்டுதல் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

வழிகாட்டுதல் கூட்டம் என்றாலே மருத்துவம், பொறியியல், ஆசிரியர் பயிற்சி, அரசுத் தேர்வுகள் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது பலரும் பெயரளவில்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு பணி. தொழில்நுட்ப எழுத்தாளர், அதாவது டெக்னிக்கல் ரைட்டர் பணி. அதிலும், இப்பணியில் முதல் வேலையைப் பெறுவது எப்படி என்ற ஒரே கேள்விக்கு மட்டும் விடை காண முயல்கிறோம்.

ஏனெனில், இரண்டாவது வேலையைத் தேடிக்கொள்வது அத்துணைக் கடினமன்று. முதல் வேலைதான் பூட்டிய கதவாக நிற்கிறது. விளம்பரத்தைப் பார்த்தால், "இரண்டு ஆண்டு அனுபவம் தேவை" என்று இருக்கிறது. வேலை கிடைத்தால்தானே அனுபவம் வரும்? அனுபவம் இருந்தால்தானே வேலை தருவேன் என்கிறார்கள்? இந்தச் சுழலில் சிக்கி ஓராண்டும் ஈராண்டும் வீணாகி, இறுதியில் படிப்புக்கும் விருப்பத்துக்கும் தொடர்பில்லாத ஏதோ ஒரு வேலையில் அமர்ந்துவிடும் பிள்ளைகள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். இச்சுழலை உடைக்க ஒரு வழி உண்டு. அது பணம் அன்று, சிபாரிசும் அன்று. எழுதிக் காட்டுவதே அவ்வழி. இத்துறையில் பணிபுரிந்து, புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பிலும் இருக்கின்ற நாங்கள் சிலர் கலந்துபேசித் தொகுத்த கருத்துகளே இவ்வுரை.

இப்பணி யாது?

நாம் ஒரு மிக்ஸி வாங்குகிறோம். பெட்டிக்குள் ஒரு சிறு புத்தகம் இருக்கிறது. கைப்பேசியில் ஒரு செயலியைத் திறக்கிறோம். 'உதவி' என்ற இடத்தைத் தொட்டால், என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறது. மருத்துவமனையில் உள்ள ஒரு கருவிக்கும், ஆலையில் உள்ள ஓர் எந்திரத்திற்கும், வங்கியில் உள்ள ஒரு மென்பொருளுக்கும் இவ்வாறே கையேடுகள் உண்டு. இவை தாமாகத் தோன்றுவன அல்ல. பொருளை உருவாக்கிய பொறியாளரிடம் கேட்டு, தானும் அதை இயக்கிப் பார்த்து, அதைப் பயன்படுத்தப் போகிறவருக்குப் புரியும்படி ஒருவர் எழுதுகிறார். அவரே தொழில்நுட்ப எழுத்தாளர்.

கணினித் துறையில் இப்பணியின் வரலாறு ஏறத்தாழக் கணினியின் வரலாற்றோடே தொடங்குகிறது. 1949 இல் அமெரிக்காவில் 'பைனாக்' என்னும் கணினிக்கு ஜோசஃப் சாப்ளின் என்பவர் எழுதிய கையேடு, கணினிப் பயனருக்காக எழுதப்பட்ட மிகப் பழைய கையேடுகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. இன்று இப்பணி பல கிளைகளாக விரிந்துள்ளது. சாதாரணப் பயனருக்கான கையேடு எழுதுவோர் ஒரு வகை. எந்திரங்களைப் பழுது பார்ப்போருக்கான சர்வீஸ் மேனுவல் எழுதுவோர் மற்றொரு வகை. ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடமிருந்து செய்தியைக் கேட்டுப் பெறும் வாசலுக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். அவ்வாசலைப் பயன்படுத்தும் முறையை நிரலாளர்களுக்காக எழுதுவோர் மூன்றாவது வகை. நிரல் ஓரளவு படிக்கத் தெரிந்தவர்களுக்கு இம்மூன்றாவது வகையில் தனி மதிப்பு உண்டு.

எழுத்தின் பொறுப்பு

"கையேட்டை யார் படிக்கிறார்கள்?" என்று சிலர் கேட்கக்கூடும். படிக்க வேண்டிய நேரத்தில் அதில் விடை இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. 'தெராக்-25' என்பது புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் எந்திரம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் அவ்வெந்திரத்தால் 6 நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர், சிலர் உயிரிழந்தனர். மூல காரணம் மென்பொருளில் இருந்த பிழையும் பாதுகாப்பு வடிவமைப்பில் இருந்த குறைபாடுமே. ஆயினும், எந்திரம் நின்று திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று காட்டியபோது, அதை இயக்கியவர் கையிலிருந்த கையேட்டில் அதற்கு விளக்கம் இல்லை. எனவே வழக்கம்போலத் தொடரும் பொத்தானை அழுத்திவிட்டார். அக்குறியீடு ஓர் ஆபத்தின் அறிகுறி என்று ஒரு வரி இருந்திருந்தால் அவர் கை நின்றிருக்கக்கூடும் அல்லவா?

நம் நாட்டுச் சட்டமும் இதை உணர்ந்துள்ளது. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரியாகப் பயன்படுத்துவதற்கான போதிய அறிவுறுத்தலோ, தவறான பயன்பாடு குறித்த எச்சரிக்கையோ இல்லாத பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டி வரும். ஐரோப்பிய ஒன்றியத்திற்கு எந்திரங்களை ஏற்றுமதி செய்வோர், விற்கப்படும் நாட்டின் மொழியில் கையேட்டையும் உடன் தர வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். ஆகவே கையேடு என்பது பெட்டிக்குள் போடும் அலங்காரத் தாள் அன்று. அது பொருளின் ஓர் உறுப்பு.

யாருக்கு இப்பணி பொருந்தும்?

இதற்கென ஒரே ஒரு பட்டம்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆங்கில இலக்கியம் பயின்றோர், அறிவியல் பட்டதாரிகள், பொறியாளர்கள், பி.காம். முடித்தோர் எனப் பலரும் இத்துறையில் உள்ளனர். மென்பொருள் நிறுவனங்கள் சில கணினி அறிவையும், எந்திரத் துறை நிறுவனங்கள் பொறியியல் பட்டயத்தையும் எதிர்பார்ப்பது உண்மையே. ஆனால் பட்டத்தைவிட மூன்று குணங்கள் முதன்மையானவை. ஒன்று, தெரியாததைக் கூச்சமின்றிக் கேட்கும் துணிவு. இரண்டு, ஒரு செயலைத் தன் கையால் செய்து பார்க்காமல் எழுத மறுக்கும் பிடிவாதம். மூன்று, எழுதியதை அடுத்தவர் திருத்தும்போது மனம் கோணாத பொறுமை.

இனி ஆங்கிலம் பற்றி. தமிழ்வழியில் படித்த நம் பிள்ளைகள் பலர், "எங்கள் ஆங்கிலம் போதாது" என்று தொடக்கத்திலேயே ஒதுங்கிவிடுகின்றனர். இப்பணிக்குப் பிழையற்ற ஆங்கிலம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அலங்கார ஆங்கிலம் வேண்டியதில்லை. விமானத் துறையில் 1986 முதல் வழங்கிவரும் 'எளிமையாக்கப்பட்ட தொழில்நுட்ப ஆங்கிலம்' என்னும் விதித்தொகுப்பு, செய்முறை வாக்கியம் ஒன்றில் 20 சொற்களுக்கு மேல் கூடாது என்கிறது. விளக்க வாக்கியத்திற்கு 25 சொற்களே எல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், ஒரு வாக்கியத்திற்கு ஒரு கட்டளை என்பவை அதன் அடிப்படை. விமானத்தைப் பழுது பார்க்கிறவர் எந்நாட்டவராயினும் பிறழ உணரக்கூடாது என்பதே நோக்கம். இத்தகைய எளிய, துல்லியமான ஆங்கிலத்தை ஆறு மாதக் கடும்பயிற்சியில் கைவரச் செய்துகொள்ள நம் பிள்ளைகளால் இயலும்.

அனுபவம் என்னும் பூட்டு

இப்போது மையக் கேள்விக்கு வருவோம். நிறுவனம் அனுபவம் கேட்பது ஏன்? ஆண்டுக் கணக்கின் மீது அவர்களுக்குத் தனிப் பற்று ஏதும் இல்லை. "இவரால் எழுத முடியுமா?" என்ற ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளவே கேட்கிறார்கள். அந்த ஐயத்தை வேறு வழியில் தீர்த்துவிட்டால், அக்கேள்வியின் வலிமை பாதியாகக் குறைந்துவிடும். மருத்துவராகத் தன் திறமையை வீட்டில் காட்ட முடியாது. பாலம் கட்டும் பொறியாளரும் வீட்டில் பாலம் கட்டிக் காட்ட முடியாது. ஆனால் எழுத்தாளருக்கு அத்தடை இல்லை. ஒரு கணினியும் ஒரு மேசையும் இருந்தால், வேலை கிடைப்பதற்கு முன்னரே அந்த வேலையைச் செய்து காட்டலாம். இவ்வாறு செய்து காட்டும் எழுத்தையே மாதிரி ஆவணம் என்கிறோம். நிறுவனங்கள் இதை 'ரைட்டிங் சாம்பிள்' என்று கேட்கும்.

எங்கள் முன் வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை, "நன்றாக எழுதுவேன், கடினமாக உழைப்பேன், விரைவில் கற்றுக்கொள்வேன்" என்று சொல்லி நின்றுவிடுகின்றன. இவற்றை எல்லோரும் எழுதலாம். ஒருமுறை, செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்துகொண்டே பட்டப்படிப்பை முடித்த ஓர் இளைஞரின் விண்ணப்பம் வந்தது. அத்துடன் இரண்டு பக்கத் தாள் ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. பேட்டரி மாற்றும் முறையை, எந்தத் திருகாணி எந்த இடத்திற்குரியது என்ற படத்துடன் எழுதியிருந்தார். திருகாணிகளை மாற்றிப் பொருத்தினால் உள்ளிருக்கும் பலகை பழுதாகும் என்ற எச்சரிக்கை, அவற்றைக் கழற்றும் படிக்கு முன்னதாகவே இருந்தது. அவரை நேர்முகத்திற்கு அழைக்க அந்த இரண்டு பக்கமே போதுமானதாயிற்று. அதே பதவிக்கு விண்ணப்பித்த பொறியியல் பட்டதாரிகள் பலரிடம் அப்படி ஒரு தாள் இல்லை.

மாதிரி ஆவணம் எப்படி இருக்க வேண்டும்?

மூன்று மாதிரிகள் போதும். முப்பது வேண்டாம். முதலாவது, ஒரு செய்முறை. இரண்டாவது, ஒரு மென்பொருள் அல்லது ஏ.பி.ஐ. பற்றிய விளக்கம். மூன்றாவது, பிறர் எழுதிய மோசமான பக்கம் ஒன்றைத் திருத்தி, முன்னும் பின்னும் அருகருகே வைத்துக் காட்டுவது.

செய்முறைக்கான பொருளைத் தொலைவில் தேட வேண்டாம். நம் ஷாதி மஹால்களில் ஜெனரேட்டர் இருக்கிறது. திருமண நேரத்தில் மின்சாரம் நின்றால், அதை இயக்கத் தெரிந்த ஒரே ஒருவரைத் தேடி ஆள் அனுப்புவது பல ஊர்களில் வாடிக்கை. அதை எழுதுங்கள். வழக்கமாக எப்படி எழுதுவார்கள்? "ஜெனரேட்டர் இயக்கப்படுவதற்கு முன்னர் டீசல், ஆயில் ஆகியன சரிபார்க்கப்பட்டு, சுமையற்ற நிலையில் தொடங்கப்பட்டு, பின்னர் சேஞ்ச் ஓவர் மாற்றப்பட வேண்டும். புகை வெளியேறுதல் கவனிக்கப்பட வேண்டும்." இதைப் படித்து ஒருவர் இயக்க முடியுமா? இதையே இவ்வாறு எழுதிப் பாருங்கள்:

எச்சரிக்கை: ஜெனரேட்டரின் புகை உயிரைப் பறிக்கும். புகைக்குழாய் கட்டடத்திற்கு வெளியே திறந்திருப்பதைப் பார்த்த பின்னரே தொடங்கவும்.
1. சேஞ்ச் ஓவர் சுவிட்சை நடுவில் உள்ள 'ஆஃப்' நிலையில் வைக்கவும்.
2. டீசல் அளவைப் பார்க்கவும்.
3. டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைக்கவும்.
4. அதை மீண்டும் செருகி எடுத்து, ஆயில் இரு கோடுகளுக்கு இடையே இருக்கிறதா என்று பார்க்கவும்.
5. சாவியைத் திருப்பி இன்ஜினை இயக்கவும்.
6. இன்ஜின் ஓட்டம் சீராகும் வரை காத்திருக்கவும்.
7. சுவிட்சை 'ஜெனரேட்டர்' பக்கம் திருப்பவும்.

வேறுபாட்டைக் கவனியுங்கள். எச்சரிக்கை முதலில் வந்துவிட்டது. செய்து முடித்த பிறகு எச்சரிப்பதில் பயனில்லை. ஒரு படிக்கு ஒரு செயல்தான். 'செய்யப்பட வேண்டும்' என்று யாருக்கோ சொல்லாமல், படிப்பவரை நோக்கிச் 'செய்யவும்' என்று சொல்கிறது. விண்ணப்பத்துடன் இணைக்கும்போது இதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஆனால் இந்த ஒழுங்கு எம்மொழிக்கும் பொதுவானது.

எழுதி முடித்ததும் வேலை முடிந்துவிடவில்லை. அதை இதற்குமுன் செய்திராத ஒருவர் கையில் அத்தாளைக் கொடுங்கள். ஜெனரேட்டர் போன்ற ஆபத்துள்ள பொருளாயின், தெரிந்தவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். நீங்கள் வாய் திறக்காமல் நில்லுங்கள். அவர் எந்த இடத்தில் தயங்குகிறார், எந்த வரியை இரண்டு முறை படிக்கிறார், எதைத் தவறாகத் தொடப் போகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவரைத் திருத்தாதீர்கள், தாளைத் திருத்துங்கள். இந்தச் சோதனையைப் பற்றி மாதிரியின் இறுதியில் நான்கு வரி எழுதிவிட்டால், தேர்வாளரின் பார்வையில் நீங்கள் புதியவர் என்ற நிலையிலிருந்து ஒரு படி உயர்ந்துவிடுவீர்கள்.

இரண்டாவது மாதிரிக்குக் கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் நல்ல களம். 'லிப்ரே ஆபீஸ்' மென்பொருளின் கையேடுகளைத் தன்னார்வலர்களே எழுதித் திருத்தி வருகின்றனர். யார் வேண்டுமானாலும் அதில் பங்குபெறலாம். இவ்வாறு பங்களித்த பக்கம் யார் எழுதியது, எப்போது திருத்தியது என்ற பதிவுடன் நிற்கும். அது ஒரு சான்றிதழைவிட வலுவான சான்று.

எதைக் கற்பது? எதற்குப் பணம் கொடுக்கக் கூடாது?

கற்க வேண்டியவை சில உண்டு. வேர்டு மென்பொருளில் ஸ்டைல்களைப் பயன்படுத்தி நீண்ட ஆவணத்தை ஒழுங்குபடுத்தத் தெரிய வேண்டும். 2004 இல் வெளிவந்த 'மார்க்டவுன்' என்னும் எளிய எழுத்துமுறையை ஒரு நாளில் கற்கலாம். நிரலாளர்கள் பயன்படுத்தும் 'கிட்' என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவியின் அடிப்படை தெரிந்தால், மென்பொருள் நிறுவனங்களில் மதிப்புக் கூடும். பெரிய நிறுவனங்களில் 'டிட்டா' என்னும் முறை வழக்கத்தில் உள்ளது. ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய இம்முறை 2005 இல் பொதுத்தரமாக ஏற்கப்பட்டது. ஒரு கையேட்டைக் கருத்து, செயல், குறிப்புத் தகவல் என்ற தனித்தனித் துண்டுகளாக எழுதி, வேண்டிய இடங்களில் மீண்டும் பயன்படுத்துவதே அதன் சாரம். ஃபிரேம்மேக்கர், மேட்கேப் ஃபிளேர் போன்ற மென்பொருள்கள் விலை உயர்ந்தவை. அவற்றை வாங்க வேண்டியதில்லை. அவற்றின் பெயரும் பயனும் தெரிந்திருந்தால் தொடக்கத்திற்குப் போதும்.

கூகுள் நிறுவனம் தன் பொறியாளர்களுக்காக உருவாக்கிய தொழில்நுட்ப எழுத்துப் பாடங்களை 2020 இல் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதன் நடைக் கையேடும், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் நடைக் கையேடும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. இவற்றை ஊன்றிப் படித்த ஒருவர், நேர்முகத்தில் பல கேள்விகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். "நூறு விழுக்காடு வேலை உறுதி" என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சி நிலையங்கள் உண்டு. நல்ல பயிற்சி தருவோர் இல்லாமல் இல்லை. ஆனால் வேலையை யாரும் விற்க முடியாது. முன்வைப்புத் தொகை, மடிக்கணினிக்கான காப்புத்தொகை, சான்றிதழ் சரிபார்ப்புக் கட்டணம் என்று எப்பெயரில் கேட்டாலும், வேலை தருவதற்குப் பணம் கேட்பவர் நம்பத்தக்கவர் அல்லர். தாயின் நகையை அடகு வைத்து அத்தகையோரிடம் கொடுத்துவிடாதீர்கள். பொய்யான அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்வோரிடமும் நெருங்காதீர்கள். நிறுவனங்கள் பழைய பணியிடத்தை விசாரிக்கின்றன. பொய் வெளிப்பட்டால் அந்த ஒரு வேலையோடு நம் பெயரும் போய்விடும்.

எங்கே தேடுவது?

'டெக்னிக்கல் ரைட்டர்' என்ற ஒரே பெயரில் தேடினால் பாதி வாய்ப்புகள் கண்ணில் படாமலே போகும். இன்ஃபர்மேஷன் டெவலப்பர், டாக்குமெண்டேஷன் ஸ்பெஷலிஸ்ட், கன்டென்ட் டெவலப்பர், நாலெட்ஜ் பேஸ் ரைட்டர், டெக்னிக்கல் கம்யூனிகேட்டர் எனப் பல பெயர்களில் இதே வேலை விளம்பரமாகிறது. பெங்களூரு, சென்னை, ஐதராபாத், புனே ஆகிய நகரங்களில் இப்பணியிடங்கள் மிகுதி. பிறர்க்காக நிரல் எழுதிக் கொடுக்கும் நிறுவனங்களைவிட, சொந்தமாக மென்பொருள் தயாரித்து விற்கும் நிறுவனங்களில் எழுத்தாளரின் தேவை நிலையானது. மென்பொருளோடு நின்றுவிட வேண்டாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதியின் வாகன ஆலைகள், கோவையின் பம்பு மற்றும் எந்திரத் தயாரிப்பாளர்கள், மருத்துவக் கருவி நிறுவனங்கள் ஆகியவற்றுக்கும் கையேடுகள் தேவை. பட்டயப் படிப்பு முடித்து, எந்திரத்தின் ஒலியைக் கேட்டே பழுதை அறியும் நம் இளைஞர்களுக்கு அங்கே இடம் உண்டு.

முன்வாசல் திறக்கவில்லையெனில் பக்கத்து வாசலையும் பாருங்கள். வாடிக்கையாளர் உதவிப் பிரிவு, மென்பொருள் சோதனைப் பிரிவு, பயிற்சிப் பிரிவு ஆகியவற்றில் சேர்ந்து, அங்கே எழுத வேண்டிய குறிப்புகளைத் தாமே முன்வந்து எழுதி, ஓரிரு ஆண்டில் ஆவணப் பிரிவுக்கு மாறியவர்கள் எங்கள் துறையில் பலர். தினமும் வாடிக்கையாளரின் குழப்பத்தைக் காதால் கேட்டவர் எழுதும் கையேட்டுக்குத் தனிச் சிறப்பு உண்டு.

விண்ணப்பமும் நேர்முகமும்

பிற பணிகளுக்கு விண்ணப்பம் ஓர் அறிமுகத் தாள். இப்பணிக்கோ அதுவே முதல் தேர்வுத்தாள். எழுத்துப் பிழையுள்ள பயோடேட்டாவை அனுப்பிவிட்டு, "நான் பிழையின்றி எழுதுவேன்" என்றால் யார் நம்புவர்? புதியவருக்கு ஒரு பக்கம் போதும். நிறுவனத்தின் பொருளை ஒருமுறையேனும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, அதன் உதவிப் பக்கத்தில் எது நன்றாக உள்ளது, எதை மேம்படுத்தலாம் என்று பணிவோடு இரண்டு வரி எழுதுங்கள். நூறு நிறுவனங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதைவிட, பத்து நிறுவனங்களுக்கு இவ்வாறு பார்த்துப் பார்த்து அனுப்புவது மேல்.

அடுத்து எழுத்துத் தேர்வு இருக்கும். ஒரு பத்தியைத் திருத்தச் சொல்வார்கள். அல்லது அன்றாடச் செயல் ஒன்றைப் படிப்படியாக எழுதச் சொல்வார்கள். எழுதத் தொடங்குமுன், "இதைப் படிக்கப் போகிறவர் யார்? அவருக்கு முன்பே என்ன தெரியும்?" என்று கேளுங்கள். இக்கேள்வியைக் கேட்கிறார்களா என்று பார்ப்பதும் தேர்வின் ஒரு பகுதியே. நேர்முகத்தில் உங்கள் மாதிரியை விரித்து வைத்து, "செய்தியை யாரிடம் பெற்றீர்கள்? எதை விட்டுவிட்டீர்கள்? ஏன் விட்டீர்கள்?" என்று கேட்பார்கள். தன் கையால் எழுதியவருக்கு இக்கேள்விகள் மகிழ்ச்சி தரும். பிறரிடம் வாங்கி ஒட்டியவர் அங்கேயே பிடிபடுவார்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு

"சாட்ஜிபிடி போன்றவை நொடியில் எழுதித் தருகின்றனவே, இனி இவ்வேலை நிலைக்குமா?" என்பது இன்று எல்லோர் மனத்திலும் உள்ள கேள்வி. மறைக்காமல் சொல்கிறோம்: 2022 நவம்பருக்குப் பிறகு இத்துறையின் முகம் மாறிவிட்டது. முன்பு புதியவர்களிடம் கொடுக்கப்பட்ட எளிய திருத்த வேலைகளையும் முதல் வரைவுகளையும் இப்போது எந்திரமே செய்கிறது. தொடக்கநிலை இடங்களுக்குப் போட்டி கடுமையாகியுள்ளது. அமெரிக்காவில் 1953 இல் வேர்கொண்டு, இத்துறையினரின் மிகப் பழைய சங்கங்களுள் ஒன்றாக விளங்கிய எஸ்.டி.சி. அமைப்பே 2025 ஜனவரியில் நிதி நெருக்கடியால் மூடப்பட்டது. அதில் உறுப்பினராகுங்கள் என்று பழைய நூல்கள் சொல்லும் அறிவுரை இனிப் பயன்படாது. ஜெர்மனியின் டெகோம், 2013 முதல் மாநாடுகள் நடத்திவரும் 'ரைட் தி டாக்ஸ்' ஆகிய அமைப்புகள் செயல்பட்டு வருகின்றன.

ஆயினும் எந்திரத்தால் ஷாதி மஹாலுக்குச் சென்று அந்த ஜெனரேட்டரின் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க முடியாது. அங்குள்ள ஊழியரிடம் பேசி, அவர் இதுவரை யாருக்கும் சொல்லாத நுணுக்கத்தைக் கேட்டறிய முடியாது. அது எழுதியது தவறாகி ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், பொறுப்பேற்க அதனால் முடியாது. தெரியாததையும் தெரிந்ததுபோல் சரளமாக எழுதிவிடுவது அதன் இயல்பு. எனவே, சென்று பார்த்தல், கேட்டறிதல், சரிபார்த்தல், பொறுப்பேற்றல் ஆகிய நான்குமே இனி எழுத்தாளரின் உண்மையான மூலதனம். எழுத்துப்பிழை பார்க்கவும் வேறு சொல் தேடவும் அக்கருவிகளைப் பயன்படுத்துங்கள். கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் அது எழுதியதை உங்கள் மாதிரி என்று அனுப்பாதீர்கள். அதே போன்ற நூறு தாள்கள் தேர்வாளரின் மேசையில் ஏற்கெனவே கிடக்கும்.

பெற்றோருக்கும் நிர்வாகத்திற்கும்

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இப்பணியைத் தேடும் பிள்ளை வீட்டில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தால், அவர் சும்மா இருக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். ஆறு மாத கால அவகாசமும், அமைதியான ஒரு மூலையும் கொடுங்கள். முதல் வேலை சிறிய நிறுவனத்தில், ஒப்பந்த முறையில், எதிர்பார்த்ததைவிடக் குறைந்த ஊதியத்தில் வரலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தோடு ஒப்பிட்டு அதைத் தட்டிவிட வேண்டாம். திருமணத்திற்குப் பின் வேலையை விட்ட நம் சகோதரிகளுக்கும் இத்துறை ஏற்றது. வீட்டிலிருந்தே செய்யும் வாய்ப்பும் இதில் உண்டு. எனினும் முதல் ஓராண்டேனும் அலுவலகம் சென்று, மூத்தவர்களின் அருகிலிருந்து கற்பதே நலம். அதற்குக் குடும்பத்தார் துணை நிற்க வேண்டும்.

ஜமாஅத் நிர்வாகத்திடமும் ஒன்று கேட்கிறோம். நம் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமல் திண்டாடும் தாய்மார்கள் எத்தனை பேர்! திருமணப் பதிவுக்கு என்னென்ன சான்றுகள் வேண்டும் என்று தெரியாமல் மும்முறை நடப்பவர்கள் எத்தனை பேர்! இவற்றுக்கெல்லாம் ஒரு பக்க வழிகாட்டித் தாள் எழுதும் பொறுப்பை வேலை தேடும் நம் இளைஞர்களிடமும் இளம்பெண்களிடமும் ஒப்படையுங்கள். அலுவலகச் செயலாளர் விவரம் சொல்லட்டும். படிக்கத் தெரிந்த ஒரு தாய் சோதித்துப் பார்க்கட்டும். ஜமாஅத்திற்கு ஒரு நல்ல தாள் கிடைக்கும். எழுதியவருக்கு உண்மையான வாசகர்கள் படித்துப் பயன்பெற்ற ஒரு மாதிரி கிடைக்கும். இதற்கு நிதி தேவையில்லை; தீர்மானம் ஒன்று போதும்.

இளைஞர்களே! அனுபவம் எங்கே என்று கேட்கும் உலகின் முன் வெறுங்கையோடு நிற்காதீர்கள். இன்று இரவே ஒரு சிறு செயலைத் தேர்ந்தெடுங்கள். நாளை அதைச் செய்து பாருங்கள். இந்த வாரத்திற்குள் எழுதுங்கள். அடுத்த வாரம் ஒருவர் கையில் கொடுத்துச் சோதியுங்கள். எழுதியதை எங்களிடம் கொண்டுவந்து காட்டினால், சிவப்பு மையால் திருத்தித் தர நாங்கள் காத்திருக்கிறோம்.